மேசைக்கடியில் பிஸ்கட் தூள்

அச்சகத்து இயந்திரத்தோடு முப்பது வருஷம் குப்பை கொட்டியவருக்குக் காது கொஞ்சம் மந்தம். தன் மேல் விழுந்த பழிகூட அவருக்குத் தாமதமாகத்தான் கேட்டது.

"பேப்பர் படிக்கிற மாதிரி உக்காந்துகிட்டு, கரக் கரக்னு பிஸ்கட் தின்றீங்க. கிச்சன் வரைக்கும் கேக்குது!" என்றாள் மனைவி.

சர்க்கரை என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவர் பிஸ்கட்டைக் கண்ணெடுத்தும் பார்த்ததில்லை. சத்தியம் செய்தார். அவள் துடைப்பத்தால் சாப்பாட்டு மேசைக்கடியில் காட்டினாள். அவர் நாற்காலிக்கு நேர்கீழே ஒரு பிடி தூள். சாப்பிட்டுவிட்டுத் திட்டு வாங்கினாலாவது பரவாயில்லை, சாப்பிடாமலே திருட்டுப் பட்டம்! நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவளே நம்பவில்லை என்பதுதான் அவருக்கு வலித்தது.

மறுவாரம் பிஸ்கட் அலமாரிக்குப் பூட்டு மாட்டத் தச்சர் வந்தார். அந்த மேசையைச் செய்தவரும் அவர்தான். "எதுக்கும்மா பூட்டு?" என்று கேட்டு வைத்தார். அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். வீட்டுக்காரரின் மானம் கப்பலேறியது.

வேலை முடிந்து டீ குடிக்க மேசையில் உட்கார்ந்த தச்சர், டம்ளரை வைத்துவிட்டுப் பலகையில் காதை ஒட்டினார். பிறகு குனிந்து தூளை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"ஐயா தின்னலம்மா. புழு தின்னுது."

மேசை விளிம்பில் அழகுக்காக விட்டிருந்த மரப்பட்டையை உளியால் நெம்பினார். அடியில் வளைந்து வளைந்து ஒரு தடம், அதன் முடிவில் மரத்துக்குள் ஓட்டை.

"நீளக் கொம்பு வண்டோட வேலை. வெட்டின மரம் வெளிய கிடந்தப்பவே பட்டையைக் கடிச்சு, அந்தக் கீறல்ல முட்டை வச்சிருக்கு. புழு முதல்ல பட்டைக்கு அடியில தின்னும், அப்புறம் மரத்துக்குள்ள இறங்கிடும். வருஷக்கணக்கா தின்னுட்டுத்தான் வண்டா வெளிய வரும். பட்டையை உரிச்சிடலாம்னு அன்னைக்கே சொன்னேன். நீங்கதான் பாக்க அழகா இருக்கு, விட்டுடுங்கன்னீங்க."

அவள் முகம் சுண்டிப்போனது. "உங்களப் போய் சந்தேகப்பட்டேனே..." என்று கண் கலங்கி, புதுச் சாவியைக் கணவரின் கையில் வைத்து மூடினாள். "இது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. சாவியைப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார்.

"நாளைக்கே மருந்து ஊத்திடுறேன் ஐயா, சத்தம் அடங்கிடும்" என்றார் தச்சர், உரக்க.

அவர் தச்சரின் காதருகே குனிந்து ரகசியமாகச் சொன்னார்: "என்ன அவசரம்? புழு பாட்டுக்குத் தின்னட்டும். அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

மந்தக் காதுக்காரருக்குத் தன் ரகசியத்தின் சத்தம் தெரியவில்லை. கிச்சனில் பாத்திரம் உருட்டும் ஓசை நின்றது. மனைவி வெளியே வந்து கையை நீட்டினாள்.

அவர் சாவியைக் கொடுத்துவிட்டார்.