ஒரு சாண் அடித்தாள்

பயிர் ஆராய்ச்சிப் பண்ணையில் அவளை எல்லோரும் தராசு என்றே கூப்பிட்டார்கள். அறுத்த நெற்பயிரைக் காயவைத்து, முழுச் செடியின் எடையையும் உதிர்த்த மணியின் எடையையும் எழுதுவது அவள் வேலை. நூறு கிராம் செடியில் மணி எத்தனை கிராம் என்று பார்ப்பார்கள். அதற்கு அறுவடைக் குறியீடு என்று பெயர். கூடுதலாக வரும் ரகம் மேலே போகும். மற்றவை குப்பைக்கு.

பத்தொன்பதாம் பாத்திக்கு ஐம்பத்தொன்று வந்தது. போன பருவம் நாற்பத்துநான்கைத் தாண்டாத ரகம். அதை உருவாக்கிய விஞ்ஞானி சாருக்குக் கால் தரையில் பாவவில்லை. அவளுக்கு மட்டும் அறுத்து வந்த கட்டு குட்டையாக இருக்கிறதே என்று உறுத்தியது. வயலுக்குப் போய்ப் பார்த்தாள். மற்ற பாத்திகளில் பயிர் மண்ணை ஒட்டி அறுபட்டிருந்தது. இதில் ஒரு சாண் உயரத்துக்கு அடித்தாள், அறுபடாத அடித்தண்டு, நின்றது.

அறுத்தது அவளுடைய அண்ணி. அண்ணனுக்கு வேலை போனபின் தராசுதான் பண்ணையில் சொல்லி அண்ணியைச் சேர்த்துவிட்டிருந்தாள்.

"இடுப்பு விட்டுப்போச்சுடி. குனிஞ்சா நிமிர முடியலை. அதான் கொஞ்சம் மேலா அறுத்தேன். கதிர் ஒண்ணுகூட விடலையே?"

"அடித்தாளும் கணக்குல வரணும் அண்ணி. அது குறைஞ்சா மணி கூடின மாதிரி காட்டும்."

"அப்ப என் இடுப்புவலிதான் ரகத்தை உசத்தியிருக்கு. எனக்கும் ஒரு பட்டம் குடுக்கச் சொல்லு."

"சார்கிட்ட சொல்லப்போறேன். எடையைத் திருத்துவாங்க, அவ்வளவுதான். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

அண்ணியின் சிரிப்பு நின்றது. "சொல்லித்தான் ஆகணுமா?"

"இதை நம்பி ஜனங்க விதைப்பாங்களே."

"என் பேரை மட்டும் விட்டுடு."

நின்ற தாளை அறுத்து, காயவைத்து, நிறுத்தாள். முன்பு ஆயிரம் கிராம் செடிக்கு ஐந்நூற்றுப்பத்து மணி. இப்போது செடி ஆயிரத்து நூற்றைம்பது. மறுபடி நாற்பத்துநான்கு. வேறு ரகம் வளர்ந்த ஏழாம் பாத்தியின் நாற்பத்தேழுக்கும் கீழே.

சார் குறிப்பேட்டைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஐம்பத்தொண்ணுன்னு மேலிடத்துக்கு எழுதிப் போட்டாச்சும்மா."

"திருத்தி எழுதலாமே சார்."

"எழுதலாம். ஆறு வருஷமா என்ன பண்ணினேன்னு கேப்பாங்க. அதுக்கும் நீயே பதில் எழுதிக் குடு."

சாரின் விரல் குறிப்பேட்டுப் பக்கத்தில் கீழே இறங்கியது. அறுத்தவர் பெயருக்கு அதில் ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பியிருந்ததும் அவள் கையெழுத்துத்தான்.

"பாத்தியை ஒழுங்கா அறுக்கத் தெரியலை. இந்த அம்மா நாளையிலிருந்து வரவேண்டாம்."

"எடை சார்?"

"அது இருக்கட்டும்."

வீட்டில் அண்ணி சுவரில் சாய்ந்து, இடுப்புக்கு வெந்நீர் ஒற்றிக்கொண்டிருந்தாள். அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"நீ சொன்ன மாதிரியே திருத்திட்டாங்க. எடையைத் தவிர."

அடுத்த பருவம் எல்லாப் பாத்தியையும் ஒரு சாண் விட்டு அறுக்கும்படி உத்தரவு வந்தது. அளந்து பார்க்க ஒரு குச்சியை வெட்டி அவள் கையில் கொடுத்தார்கள். அந்த அறுவடையில் யாருக்கும் இடுப்பு வலிக்கவில்லை.