சுத்தமான பேர்

போன வருஷம் வரை எங்கள் வீட்டில் கடனே வாங்காத ஒரே ஆள் நான்தான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. வாங்க விடவில்லை, அவ்வளவுதான்.

அண்ணன் லிங்கேஸ்வரன் தவணையில் இரண்டு மோட்டார் சைக்கிள் எடுத்து இரண்டையும் கோட்டை விட்டவன். முதல் வண்டியை வங்கி ஆட்கள் வந்து இழுத்துக்கொண்டு போனார்கள். இரண்டாவதை அவனே ஒரு கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு, "அவன் கட்டுவான்லா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். கூட்டாளி கட்டவில்லை. அண்ணன் பேர் கருப்புப் பட்டியலுக்குப் போனது. அப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, அந்த வயசில் எந்த வங்கியும் வீட்டுக் கடன் கொடுக்காது. அம்மாவுக்கு நாற்றங்காலில் நாள் கூலி, சம்பளச் சீட்டே கிடையாது. மிச்சம் நான் ஒருத்தி.

புக்கிட் ரோத்தான் பக்கம் நாங்கள் குடியிருக்கும் செம்பனைத் தோட்டம். அதை வீடு கட்டும் கம்பெனி ஒன்றுக்கு விற்கப் போகிறார்கள் என்ற பேச்சு, நான் பள்ளிக்கூடம் போகும்போதே வந்துவிட்டது. விற்றால் பழைய தொழிலாளர் குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் ஆளுக்கொரு தரை வீடு என்று பேசி முடித்திருந்தார்கள். குறைந்த விலை என்றாலும் சும்மா இல்லை, லோன் போட்டுத்தான் வாங்க வேண்டும். அன்றிலிருந்து எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒரு பழக்கம் வந்தது. வீட்டுக்கு ஒரு பிள்ளையின் பேரைத் தனியாக எடுத்து வைத்தார்கள். அந்தப் பிள்ளை தவணையில் ஒரு கைப்பேசிகூட வாங்கக் கூடாது, யாருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போடக் கூடாது. பேர் சுத்தமாக இருக்க வேண்டும். சாமிக்கு நேர்ந்துவிட்ட ஆடு மாதிரி என்று நான் சொன்னால் அம்மா என் வாயிலேயே போடுவார். ஆட்டுக்காவது வேளாவேளைக்குத் தழை வைப்பார்கள்.

பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவம் முடித்ததும் ஷா ஆலாமில் ஒரு கல்லூரியில் கணக்கியல் டிப்ளோமாவுக்கு இடம் கிடைத்தது. கல்விக் கடன் பாரத்தில் அப்பாவின் கையெழுத்து வேண்டும். அப்பா பாரத்தை வாங்கிப் பார்த்தார். அப்புறம் சாமி மேடைக்கு மேலே செருகி வைத்துவிட்டார்.

"வேணாம்மா. படிச்சிட்டு வேல கெடைக்கலன்னா எப்படிக் கட்டுவ? ஒன் பேரும் போயிரும். அப்புறம் வீட்டுக்கு எங்க போறது?"

நான் மூன்று நாள் சாப்பிடவில்லை. அவர் அசையவில்லை. நாலாம் நாள் ரவாங்கில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தேன். விடியுமுன்னே பேக்டரி பஸ் வந்து தோட்டத்து முச்சந்தியில் ஹாரன் அடிக்கும். பத்து வருஷம் அந்த பஸ்ஸில் போய்வந்தேன். கூட வேலை செய்த பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கார் எடுத்தார்கள். நான் ஜன்னலோர சீட்டில் சீனியர் ஆனேன்.

பக்கத்து வீட்டு தனேஸ்வரிக்கு அவள் அம்மா நல்லம்மாள் அப்படித் தடை எதுவும் போடவில்லை. அவள் கல்விக் கடன் எடுத்துப் படித்து, ஒரு கிளினிக்கில் வேலை பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு அவர்களைப் பார்த்தால் பரிதாபம். "பாரு, வீடு வரும்போது அவங்க என்னா செய்யப் போறாங்கன்னு" என்பார்.

போன வருஷம் வீடு வந்தது. அப்பா என்னை அழைத்துக்கொண்டு கோலசிலாங்கூர் வங்கிக்குப் போனார். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு. பெண் பார்க்க வந்தவர்களிடம் பேசுவது போல அந்த மலாய்க்கார அதிகாரி அம்மாளிடம் மலாயில் சொன்னார்: என் மகள் இதுவரை யாரிடமும் ஒரு காசு கடன் வாங்கியதில்லை. நீங்கள் எங்கே வேண்டுமானாலும் தேடிப் பாருங்கள்.

அந்த அம்மாள் தேடிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததுதான் பிரச்சினை என்றார். கடன் வாங்கியிருந்தால்தானே இவள் ஒழுங்காகக் கட்டுகிறவளா இல்லையா என்று எங்களுக்குத் தெரியும்? வெறும் ஆளை எதை நம்பி இவ்வளவு பெரிய கடனுக்கு ஒத்துக்கொள்வது?

அப்பா சிரித்தார். அந்த அம்மாள் விளையாடுகிறார் என்று நினைத்துவிட்டார்.

"கல்விக் கடன்கூட இல்லையா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார் அவர். "அது இருந்து மாசாமாசம் கட்டியிருந்தால்கூடப் போதும். போன வாரம் உங்கள் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள், கிளினிக்கில் வேலை. அவளுக்கு அதை வைத்துத்தான் பாஸ் ஆனது."

அப்பாவுக்கு மலாய் தண்ணி பட்ட பாடு. ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மேசை மேல் இருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டி வைத்தார். அந்தப் பேனாவைப் பிடுங்கி எறிய வேண்டும் போல் எனக்கு இருந்தது. பத்து வருஷம்! விடியற்காலையில் கண் எரிய எரிய பஸ்ஸுக்கு நின்றது, ஒருத்தர் மாற்றி ஒருத்தர் கல்யாணத்துக்குக் கூப்பிட்ட சிநேகிதிகளிடம் "நான் பேக்டரிதான்" என்று சொன்னது, எல்லாமே இந்த வீட்டுக்காக என்று மனசைத் தேற்றி வைத்திருந்தேன். வீட்டுக்காகவும் இல்லை என்று ஆகிவிட்டது.

அந்த அம்மாள் நல்லவர். வழியும் சொன்னார். வீட்டைப் பதிய கம்பெனி ஒரு வருஷம் அவகாசம் கொடுத்திருக்கிறது. அதற்குள் சின்னதாக ஒரு கடன் எடுங்கள், ஒரு தடவைகூடத் தவறாமல் கட்டுங்கள், திரும்பி வாருங்கள். சின்னதாக என்று அவர் இரண்டு முறை சொன்னார். என் காதிலும் விழுந்தது, அப்பா காதிலும் விழுந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எங்களை ரவாங்கில் பழைய கார் விற்கும் தேவன் கடைக்குக் கூட்டிப்போனான். முதல் தடவை கடன் வாங்குகிறவர்களுக்கும் லோன் எடுத்துக் கொடுக்கிற ஆள் என்று அவனுக்குப் பேர். வட்டி கூட, ஆனால் கேள்வி குறைவு. முன்வரிசையில் உள்ளூர்க் கார்கள் நின்றன. சாம்பல் நிறத்தில் ஒரு குட்டிக் கார், மாதத் தவணை என் சம்பளத்தில் ஒரு மூலைக்குள் அடங்கும். அதைத்தான் எடுப்பதாக வீட்டில் பேசிக்கொண்டு வந்திருந்தோம்.

அதற்குப் பின்னால் நின்றது அந்த மஞ்சள் கார். இரண்டே கதவு, தரையோடு தரையாகத் தாழ்ந்த உடம்பு, ஜப்பானிலிருந்து வந்து இரண்டு கை மாறிய ஸ்போர்ட்ஸ் கார். ஓட்டுநர் கதவைத் திறந்து உட்கார்ந்து பார்த்தேன். இருக்கை என்னை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்தது. பேக்டரி பஸ் இருக்கைக்கு அப்படியொரு பழக்கம் கிடையாது. எனக்கு அது வேண்டும் என்று இருந்தது. காரணமெல்லாம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது வேண்டும் என்ற ஆசைதான்.

"தங்கச்சிக்கு டேஸ்ட் இருக்குலா," என்றான் தேவன். அப்பா பக்கம் திரும்பி, "அங்கிள், சின்ன லோன் கட்டுனா பேங்க் மதிக்காது. பெரிய லோன் கட்டுற ஆளப் பாத்தாத்தான் பெரிய லோன் குடுப்பான். வீட்டு லோனுக்கு இதுதான் நல்ல ரெக்கார்ட்."

"கரெக்ட்பா. பெருசா கட்டுனாதான் பெரிய பேரு," என்றான் அண்ணன். சனிக்கிழமை சனிக்கிழமை அவன் அதை ஓட்டிப் பார்க்கும் கனவு கண்ணிலேயே தெரிந்தது.

நான் காரை விட்டு இறங்கவில்லை. திறந்த கதவு வழியாக அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கைப்பேசிக்கு வேண்டாம், கல்லூரிக்கு வேண்டாம், சிநேகிதிகளோடு பினாங்கு போகிறேன் என்றதற்கு வேண்டாம். என் வாழ்க்கையில் நான் அதிகம் கேட்ட வார்த்தை அது. இப்போதும் வரும், வந்ததும் அன்றைக்கு வங்கியில் விழுங்கியதையெல்லாம் சேர்த்து இந்தக் கடை வாசலிலேயே அவரிடம் கத்திக் கேட்டுவிட வேண்டும் என்று காத்திருந்தேன். அது ஆனபின் சாம்பல் நிறக் காருக்குக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

அப்பா காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். மஞ்சள் கூரையைத் தொட்டுப் பார்த்தார்.

"ஒனக்குப் புடிச்சிருந்தா எடுத்துக்கம்மா," என்றார்.

கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஒரு வருஷம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். காலையில் பேக்டரி பஸ் முச்சந்தியில் நிற்கும்போது அதை முந்திக்கொண்டு போவேன். ஈஜோக் சாலையில் செம்பனை மரங்களுக்கு நடுவே அந்த வண்டி போகிற வேகத்தில் நெஞ்சு லேசாகிவிடும். அம்மா மட்டும் ஒரே ஒரு தடவை ஏறினார். பின்னிருக்கைக்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் அரைப் பிராணன் போய்விட்டது. "இது என்னாடி காரு, நாலு பேரு போற குடும்பத்துக்கு ரெண்டு பேரு காரு," என்றார். ஒரு தவணையும் தப்பவில்லை. சம்பளம் போட்ட அன்றே கட்டிவிடுவேன். மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்து கொண்டுபோனேன், புதுத் துணி எடுக்கவில்லை. தீபாவளிக்கும் போன வருஷத்துச் சேலைதான்.

இந்த மாசம் அவகாசம் முடிகிறது. இன்றைக்கு லீவு எடுத்துக்கொண்டு அப்பாவோடு மறுபடி அதே வங்கிக்குப் போனேன். அதே அம்மாள். கணினியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அருமையாகக் கட்டியிருக்கிறாய், இப்படிப் பார்ப்பதே அபூர்வம் என்றார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு அந்த அம்மாள் என் சம்பளத்தைப் போட்டு, காருக்குப் போகிறதைக் கழித்து, வீட்டுத் தவணையை வைத்துப் பார்த்தார். மறுபடி ஒரு தடவை போட்டுப் பார்த்தார். இரண்டையும் இந்தச் சம்பளம் தாங்காது. சின்னதாக என்றுதானே சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கார்க் கடனை முடித்துவிட்டு வந்தால் வீடு உடனே பாஸ் ஆகும் என்றார்.

அங்கிருந்து நேரே ரவாங் போனோம். தேவன் காரைச் சுற்றி வந்து, டயரை உதைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினான். "இப்ப மார்க்கெட் படுத்துருச்சு தங்கச்சி. இந்த மாதிரி வண்டிய யாரு வாங்குறா?" போன வருஷம் எனக்கு டேஸ்ட் இருந்தது. அவன் சொன்ன விலைக்கு விற்றாலும் கடன் தீர இருபதாயிரம் வெள்ளி இடிக்கும். அப்பாவின் சேமநிதி அண்ணன் கல்யாணத்தோடு முடிந்துவிட்டது. அண்ணன் இப்போது சுங்கை பெசாரில் மாமியார் வீட்டோடு இருக்கிறான். போன் போட்டால், "டுயிட் இல்லலா நித்தியா, காசு இருந்தா குடுக்க மாட்டேனா?" என்றான்.

திரும்பும் வழியில் புது வீடுகளின் முன்னே சிவப்பு விளக்கில் நிற்க வேண்டி வந்தது. தனேஸ்வரி வீட்டு வாசலில் இரண்டு பேர் இரும்புக் கேட் மாட்டிக்கொண்டிருந்தார்கள். நல்லம்மாள் குடை பிடித்துக்கொண்டு அவர்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்த வீடுதான் எங்களுக்கு ஒதுக்கியது. அடுத்த மாசம் அதை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். லயத்தைக் காலி செய்துவிட்டு நாங்கள் எங்கே போவது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா தாழ்ந்த இருக்கையில் முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்து, அந்தக் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வார்த்த வேணாம்னு சொல்லியிருக்கலாம்லப்பா," என்றேன். "எதுக்கெடுத்தாலும் சொல்லுவீங்களே, அன்னைக்கு மட்டும் என்னா வந்துச்சு ஒங்களுக்கு?"

விளக்கு பச்சையானது. நான் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் லோரிக்காரன் ஹாரனில் கையை வைத்து அழுத்தினான்.

"சொல்லியிருந்தா கேட்டிருப்பியா?" என்றார் அப்பா.

"எப்ப கேக்காம இருந்திருக்கேன்?"

லோரி எங்களைச் சுற்றிக்கொண்டு, திட்டிக்கொண்டே போனது.

"பேங்க்ல அந்தம்மா படிப்பு லோன பத்திச் சொன்னதிலேர்ந்து," என்றார் அப்பா கடைசியில், "ஒன்கிட்ட வேணாம்னு சொல்ற ரைட்டு எனக்கு இல்லன்னு நெனச்சிட்டேன்மா."