மாப்பிள்ளைக் கிடாவின் இரத்தம்

1

இந்தக் கதை எனக்கு நடந்ததல்ல. என் மனைவிக்கு நடந்தது. கால்நடை மருத்துவமனையின் ஆய்வகத்தில் ஆடு மாடுகளின் இரத்தத்தைப் பரிசோதிப்பவள் அவள். ஒரு மழைநாளில் துணி மடித்தபடியே சொன்னாள். பாதியைக் கேட்டேன், மீதியை நானே கட்டிக்கொண்டேன். எழுதி வாசித்துக் காட்டியபோது, "நல்லா இருக்கு. ஆனா இதுல நான் எங்க?" என்றாள்.

முதல் வரைவு இப்படித் தொடங்கியிருந்தது: ‘ஊதாச் சாயத்தில் நனைந்த அந்த விடியலில், மரணத்தின் விதைகளைத் தேடி அவள்…’

"விடியல்ல நான் என்னைக்கு எந்திரிச்சிருக்கேன்? உங்களுக்கே தெரியாதா?"

விடியலை அடித்தாயிற்று. மரணத்தின் விதைகளையும்.

2

மதியம். சாப்பாட்டுக்குப் பிறகு ஆய்வகமே கண் சொக்கிக் கிடக்கும் நேரம். சின்னவள் (என் மனைவியை இனி இப்படித்தான் சொல்லப்போகிறேன், அவளுடைய அக்காள் வரும்போது குழப்பம் இருக்காது) நுண்ணோக்கியில் குனிந்திருந்தாள். கண்ணாடித் தகட்டில் ஒரு செம்மறியின் காதோரம் எடுத்த ஒரு சொட்டு. மெல்ல இழுத்துப் பரப்பி, சாயத்தில் ஊறவைத்துக் கழுவியது. அக்காளின் மந்தையிலிருந்து வந்தது. முதலில் காய்ச்சல், பிறகு ஈறு வெளிறல், கடைசியில் சிவப்பாகச் சிறுநீர். இப்படியே பல ஆடுகள் போய்விட்டன. இதற்கு முன் வந்த தகடுகளில் எதுவும் அகப்படவில்லை.

உற்றுப் பார்க்கப் பார்க்க, அந்த இளஞ்சிவப்பு வட்டம் விரிந்துகொண்டே போனது. அவள் அதற்குள் நடந்துகொண்டிருந்தாள். காலடியில் மெத்தென்று இரத்த அணுக்கள். தொலைவில் செம்மறிகள் சத்தமில்லாமல் மேய்ந்தன. ஒவ்வொன்றும் தலை தூக்கி அவளைப் பார்த்தது, ஏதோ கேட்க வாயெடுத்து…

"தூங்கிட்டேன்னு எழுதாதீங்க. எங்க டாக்டர் படிப்பார்."

சரி. அவள் தூங்கவில்லை. கண்ணை மூடித் திறந்தாள், திறந்தபோது இருந்தது. ஓர் அணுவுக்குள், காம்பில் சேர்ந்த இரண்டு பேரிக்காய்கள்போல ஒரு ஜோடி. பக்கத்து அணுவில் இன்னொன்று. உண்ணி கடித்து ஏற்றிவிடும் ஒட்டுண்ணி அது. அணுவுக்குள் குடியேறி, பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியேறும்.

விஷம் இல்லை. அவளுக்கு முதலில் தோன்றிய சொல் அதுதான்.

3

விஷம் என்று சொன்னது அக்காள். ஆகவே அக்காளைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

கணவர் போனபின் ஊருக்கு வெளியே மலைச்சரிவில் ஆடு வளர்த்துத் தனியாக வாழ்பவள். மனதில் பட்டதை அப்படியே கொட்டிவிடுவாள், அள்ளத் தெரியாது. சரிவின் மறுபக்கம் இன்னொருவர் கொட்டகை போட்டிருந்தார். வெள்ளாட்டுக்காரர் என்பார்கள். வேலியைப் பற்றி இருவருக்கும் பழைய சண்டை. ஆடுகள் சாகத் தொடங்கியதும், தண்ணீர்த்தொட்டியருகே எல்லோரும் கூடியிருந்தபோது அக்காள் அவரைப் பார்த்து, "என் வாயில்லா ஜீவனுக்கு விஷம் வச்ச கை விளங்குமா?" என்று கத்தினாள். அவர் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து அவரிடம் யாரும் பால் வாங்கவில்லை.

(இந்த இடத்தில் எனக்கு அக்காள்மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு கோபக்காரியை வாசகருக்குப் பிடிக்குமா? கொஞ்சம் மென்மையாக்கிப் பார்த்தேன். "அது எங்கக்கா இல்ல, யாரோ டீச்சர்" என்றாள் சின்னவள். பழையபடியே விட்டுவிட்டேன்.)

அக்காளுக்கு ஒரு கிடா இருந்தது. புதிதாக வாங்கி வந்தது; கொழுத்தது; நெற்றியில் சுருள் முடி. ‘மாப்பிள்ளை’ என்று கூப்பிடுவாள். தங்கை புருஷன் என்பதால் என்னையும் அப்படித்தான் கூப்பிடுவாள். இரண்டு பேரில் யாருக்கு முதலில் தீனி வைப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

4

பேரிக்காய் ஜோடியைக் கண்ட சில நாட்களில் வெள்ளாட்டுக்காரர் ஆய்வகத்துக்கே வந்தார். கயிற்றில் ஒரு ஆடு. வாசல்படியில் நின்றுகொண்டு உள்ளே வரத் தயங்கினார்.

"உங்கக்கா சொன்னதுக்காக வரலம்மா. எனக்கே மனசு கேக்கல. என் ஆட்டுல ஏதாச்சும் இருந்து அங்க போயிருக்குமோ? இருந்தா சொல்லிடுங்க. நான் வேற பக்கம் ஓட்டிட்டுப் போயிடறேன்."

சின்னவளுக்குத் தொண்டை அடைத்தது. ("அடைச்சுது. அதை அடிக்காதீங்க.") மறுநாளே சரிவுக்குப் போய் இரண்டு மந்தைகளிலும் இரத்தம் எடுத்தாள். இந்த முறை நுண்ணோக்கியை மட்டும் நம்பவில்லை. நோயில் தப்பிய ஆட்டின் உடம்பில் ஒட்டுண்ணி கொஞ்சமாக ஒளிந்திருக்கும், கண்ணுக்கு அகப்படாது, ஆடும் ஜம்மென்று திரியும். ஆனால் அதைக் கடிக்கும் உண்ணி அடுத்த ஆடுகளுக்குக் கொண்டுபோகும். அதைப் பிடிக்கத்தான் மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனை.

விளக்கை அணைத்துவிட்டு, புற ஊதா ஒளியில் வரிசையைப் பார்த்தாள். ஒட்டுண்ணி இருக்கும் இடத்தில் ஒரு கோடு ஒளிரும். வெள்ளாட்டுக்காரரின் ஆடுகளுக்கு உரிய இடமெல்லாம் இருட்டு. ஒன்றிலும் இல்லை. அக்காளின் மந்தையில் நோயில் படுத்தவற்றைத் தவிர, திடமாக நின்ற ஒன்றேயொன்றில் மட்டும் ஒரு கோடு, குளத்தடியில் கிடக்கும் நிலாத் துண்டுபோல மினுங்கியது.

மாப்பிள்ளை.

5

"இந்த நோய் வந்து இறங்கினதே இவனோடதான் அக்கா. அதுக்கு முன்னாடி இந்தச் சரிவுல இது இருந்ததில்ல."

"மாப்பிள்ளைக்கா? போடி. கல்லைத் தின்னாலும் செரிக்கிற உடம்பு."

"உடம்பு நல்லாதான் இருக்கும். அதான் சிக்கலே."

அக்காள் நெடுநேரம் கிடாவின் நெற்றிச் சுருளைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டது கிடாவைப் பற்றியல்ல.

"அந்த மனுஷன் ஆட்டுல?"

"ஒண்ணுமில்ல. ஆனா உண்ணி நம்ம பக்கத்துலேர்ந்து அங்க போய்க்கிட்டுதான் இருக்கு. இப்பவே மருந்தடிச்சா தப்பிக்கும்."

‘அக்காளின் கண்களிலிருந்து கண்ணீர் ஆறாக…’ என்று ஒரு வரி எழுதினேன். சின்னவள் பேனாவைப் பிடுங்கிவிட்டாள். அக்காள் அழவில்லை. முகம் கழுவினாள். அவ்வளவுதான்.

6

இனி முடிவு. ஒரு வரைவில், அக்காள் கிடாவைச் சந்தையில் விற்றுவிடுகிறாள். பொருந்தவில்லை, நான் அதைச் சொல்லிப் பார்த்தபோது அவளே சொன்னாள்: "விக்கிறதுன்னா இன்னொருத்தி தலையில கட்டுறதுதானே மாப்ள?" இன்னொன்றில் வெள்ளாட்டுக்காரர் ஏற்கெனவே ஊரைவிட்டுப் போயிருக்கிறார், வெறுங்கொட்டகை, காற்று. அழகாக வந்தது. பொய் என்பதால் கிழித்தேன்.

உண்மையில் எப்படி முடிந்தது என்பது எனக்குத் தெரியும். மாப்பிள்ளை தனிக்கொட்டிலில் ஊசி போட்டுக்கொண்டு, எல்லோர்மேலும் கோபமாக வாழ்கிறது. இரண்டு மந்தைகளுக்கும் ஒன்றாக மருந்தடித்தார்கள். வெள்ளாட்டுக்காரரிடம் ஓர் ஆடும் சாகவில்லை. தண்ணீர்த்தொட்டியருகே, எல்லோரும் இருக்கும்போதே, "நான் சொன்னது தப்பு" என்று அக்காள் உரக்கச் சொன்னாள். மறுபடி பால் வாங்குகிறார்கள்.

தெரியாதது, இதற்கெல்லாம் முன்னால் உள்ள ஒரே ஒரு வாக்கியம்.

மருந்தடிக்கப் போன அன்று காலை சரிவு முழுக்கப் பனிமூட்டம். சின்னவள் கீழே பாதையில் நின்றிருந்தாள். அக்காள் மருந்துக் கேனைத் தூக்கிக்கொண்டு அவர் கொட்டகையை நோக்கி ஏறினாள். மூட்டம் அவளை இடுப்புவரை விழுங்கியிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அவர். இருவரும் அசையாமல் நின்றார்கள். ஓர் ஆடு கத்தியது. அக்காளின் தலை குனிந்து நிமிர்ந்தது. ஏதோ சொன்னாள். நீளமாக இல்லை.

"காத்துல ஒண்ணுமே கேக்கல" என்கிறாள் சின்னவள்.

அக்காளிடம் கேட்டேன். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு மாப்ள?" என்றாள்.

நானே எழுதிப் பார்த்தேன். ‘மன்னிச்சிடுங்க’: அக்காள் வாயில் நிற்கவில்லை. ‘மருந்து கொண்டாந்திருக்கேன்’: அது போதாது. ‘நான் ஒரு கிறுக்கி’: சொல்லக்கூடியவள்தான், ஆனால் அன்றைக்குச் சொன்னாளா?

நீங்கள் வீண்பழி போட்ட ஒருவரின் வாசலில் எப்போதாவது நின்றிருந்தால் என்னைவிட உங்களுக்குத் தெரியும். இடம் விட்டிருக்கிறேன்.

" . . . . . . . . . . . . . . . . . "

அதைக் கேட்ட பிறகுதான் அவர் வேலிக்கதவைத் திறந்தார்.