சல்லடையில் நின்றவை

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் பெயரில் ஒரு காடே இருந்தது. மரங்கள் மட்டும் விளம்பரப் புத்தகத்தோடு நின்றுவிட்டன. அந்தக் குறையைப் போக்கத்தான் சங்கத் தலைவர் சேஷகிரி பசுமைக் குழு அமைத்தார். முப்பது வருஷம் அரசாங்கக் கோப்பு பார்த்து ஓய்வுபெற்றவர். குழுவின் தலைவரும் அவரே, உறுப்பினரும் அவரே. நூற்றிருபது வீட்டுச் சமையலறைக் கழிவையும் கீழ்த்தளத்து இயந்திரத்தில் போட்டு உரமாக்கினார். உரம் குவிந்து நாறத் தொடங்கியதும் அள்ளிப்போக ஆள் தேடினார். அகப்பட்டவர் ஞானசேகரன்.

ஞானசேகரன் அரூர்க்காரர். பொம்மனஹள்ளித் தையல் ஆலையில் பத்து வருஷம் துணி வெட்டினார். ஆலை மூடியதும் ஹெப்பகோடிக்குப் பின்னால் ஒரு கௌடரிடம் அரை ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்தார். மருந்தடிக்காமல் காய்கறி போடப்போவதாகச் சொன்னபோது, "புழுவுக்கா பயிர் வெக்கிறே?" என்று கௌடர் வயிறு குலுங்கச் சிரித்தார். முதல் வருஷம் கௌடர் சொன்னதுதான் நடந்தது. மூன்றாம் வருஷம் மனிதர்களுக்கும் கொஞ்சம் மிஞ்சியது. உரம் அள்ளிப்போவதற்குக் கைம்மாறாகச் சனிக்கிழமை காலைகளில் குடியிருப்பின் கேட்டுக்குள் மேசை போட அனுமதி கிடைத்தது. அந்த ஒரு மேசைதான் அவர் வியாபாரம். வாரத்தின் மற்ற ஆறு நாளும் அந்தக் காலைக்காகவே அவருக்கு விடிந்தன.

இந்த வருஷம் ஒரு வேடிக்கை நடந்தது. உரத்தோடு வந்த தக்காளி விதைகள் யாரும் கேட்காமலே முளைத்து, காய்த்துத் தள்ளிவிட்டன. செய்தி சேஷகிரியின் காதுக்குப் போனது. அடுத்த சனிக்கிழமை ஒரு காகிதமும் பச்சை டீ-ஷர்ட்டுமாக மேசை முன் வந்து நின்றார். கீரை வாங்க வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"ஞானசேகர், இதுல ஒரு கையெழுத்து போடு. விதை எங்களுது, உரம் எங்களுது. அதனால இனிமே இது நம்ம அசோசியேஷன் ஃபார்ம். போர்டு எழுதக் குடுத்தாச்சு. அடுத்த வாரம் டிவிக்காரா வரா."

"நிலம் சார்?"

"அது உன் குத்தகைதான். நீயே பாத்துக்கோ. நாங்க கைடன்ஸ் குடுப்போம்."

"அப்ப நான் யாரு சார்?"

"கார்டனர். டீ-ஷர்ட்டுல பின்னாடி போட்டிருக்கே, பாரு."

"போடலன்னா?"

"டீ-ஷர்ட்டா?"

"கையெழுத்து சார்."

"அடுத்த வாரம் இந்த இடத்துல வேற ஆள் இருப்பான்."

கூட்டம் தக்காளிகளை மிக உன்னிப்பாகப் பார்த்தது. ஞானசேகரன் கையைத் துடைத்துக்கொண்டு டெம்போவுக்குப் போனார். ஒரு சாக்கு மூட்டையோடு திரும்பினார். மண்ணில் போடுமுன் ஒவ்வொரு லோடு உரத்தையும் சல்லடையில் சலிப்பது அவர் வழக்கம். சல்லடையில் நின்றதைக் கௌடர் நிலத்தில் வீச மனம் வராமல் சாக்கில் போட்டு வைத்திருந்தார். எட்டு மாதச் சேகரிப்பு. குடியிருப்பிலேயே திருப்பிப் போட்டுவிடலாம் என்று அன்று டெம்போவில் ஏற்றி வந்திருந்தார். அதைத் தார்ப்பாயில் கவிழ்த்தார்.

பல் துலக்கும் பிரஷ்கள், மாத்திரை அட்டைகள், ஷாம்பு உறைகள், ஒரு டிவி ரிமோட், பொம்மைக் கை, குழந்தை டயப்பர்களின் மிச்சம். எல்லாம் வந்து விழுந்தன.

"இதுவும் உங்க வூட்டு உரத்துல வந்ததுதான் சார். தக்காளி உங்களுதுன்னா இதுவும் உங்களுது. மொதல்ல இத எடுத்துக்கினு போங்க. தக்காளிய அப்பால பேசலாம்."

சேஷகிரி தொண்டையைச் செருமினார். "இதெல்லாம் பி பிளாக். அவாதான் குப்பையப் பிரிக்கறதே இல்லே."

"அங்கிள், நான் பி பிளாக்" என்றான், கையில் பாலக்கீரையோடு நின்ற கிஷோர்.

அதற்குள் கொத்தவரங்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அனந்தலக்ஷ்மி, அதாவது திருமதி சேஷகிரி, குனிந்து குப்பையிலிருந்து எதையோ எடுத்தார். கறுத்துப்போன சின்னக் கரண்டி. கைப்பிடியில் நாகப்படம்.

"ஏன்னா! நம்மாத்து உத்தரணி!"

பூஜையில் தீர்த்தம் எடுக்கும் வெள்ளிக் கரண்டி அது. தீபாவளியிலிருந்து காணவில்லை. வேலைக்கார அன்னம்மாள்தான் எடுத்திருப்பாள் என்று முடிவுகட்டி, மறுநாளே அவளை நிறுத்தியிருந்தார்கள். முடிவுகட்டியவர் சேஷகிரி.

"மெதுவாப் பேசு, ஆத்துக்குப் போய்ப்..." என்றார் சேஷகிரி.

"தெனம் பூஜைத்தட்டுப் பழைய பூவை உரக் குப்பைக்கான பச்சைக் கூடையில கொட்டறது யாரு? நான் தொட்டா மடி போயிடும்னு நீங்கதானே கொட்டறேள்!"

பி பிளாக்கில் யாரோ சிரித்தார்கள். சேஷகிரியின் ஏ பிளாக்கிலும்.

"எடுத்துக்குங்கம்மா" என்றார் ஞானசேகரன். "அன்னம்மாக்கா எங்க தெருதான். நான் சொல்றத விட நீங்க போயி சொன்னா நல்லாருக்கும்." காகிதத்தை டீ-ஷர்ட்டுக்குள் மடித்து வைத்து சேஷகிரியின் கையில் கொடுத்தார். கையெழுத்து இல்லை.

அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது: சுகாதாரக் காரணங்களை முன்னிட்டு வெளி வியாபாரிகளுக்கு உள்ளே அனுமதி கிடையாது. சுகாதாரத்தை முன்னிட்டு ஞானசேகரனும் உரம் அள்ளுவதை நிறுத்தினார். இரண்டே வாரத்தில் கீழ்த்தளத்து வாசனை முதல் மாடிக்கு ஏறியது. முதல் மாடியில் தலைவர் இருந்தார்.

சுற்றறிக்கைக்கு அடுத்த சனிக்கிழமை மேசை கேட்டுக்கு எதிரே, இளநீர்க்காரர் பக்கத்தில் இருந்தது. சாலையைக் கடக்கச் சோம்பி நிறையப் பேர் வரவில்லை. கீரை பாதி மிஞ்சியது. அதற்கடுத்த வாரம் கொஞ்சம் குறைவாக மிஞ்சியது. அவரும் ஒரு போர்டு எழுதி வைத்தார்: 'ஞானசேகரன் தோட்டம்'. டிவிக்காரர்கள் வரவில்லை.

மூன்றாம் வாரம் அனந்தலக்ஷ்மி சாலையைக் கடந்து வந்தார். மேசைக்குப் பின்னால் கீரையைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தவள் அன்னம்மாள்.

"அன்னம்மா, தப்பா நெனச்சுட்டோம். மனசுல வெச்சுக்காதே. நாளைலேர்ந்து வேலைக்கு வந்துடேன்."

அன்னம்மாள் வாழைநாரை இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"கீரை எத்தினி கட்டும்மா வேணும்? அத சொல்லு."