கம்பி பிடித்த கை

கையில் ஒரு குச்சிகூட இல்லாத ஆள் ஐம்பத்தேழு பேரை ஆள முடியுமா? முடியாது என்றுதான் நீங்கள் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் இப்போது அடிஸ் அபாபாவில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். போன வாரம் கேன்டீன் டிவியில் ஏதோ ஒரு நாட்டைக் காட்டினார்கள். பெரிய மண்டபம். நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் கை தூக்குகிறார்கள். மேடையில் ஒருவர் உட்கார்ந்து மெதுவாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கான்பூர்க்காரன், இவர்களுக்கெல்லாம் மூளையே இல்லையா என்று இந்தியில் கேட்டான். நான் பாதிச் சோற்றோடு எழுந்தேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்கு வந்துவிட்டேன். அப்படிக் கை தூக்கிய ஒரு பஸ்ஸில் நான் இரண்டு வருஷம் போய்வந்திருக்கிறேன்.

அது நான் இங்கே வருவதற்கு முன் வேலை பார்த்த ஷூ கம்பெனியின் பஸ். காலை ஏழு மணிக்கு ஒடுகத்தூரில் கிளம்பி, குருவராஜபாளையம், மாதனூர் வழியாக ஆம்பூர் போகும். நாற்பத்திரண்டு சீட்டு, ஐம்பத்தேழு ஆட்கள். எட்டரைக்கு கேட்டைச் சாத்திவிடுவார்கள். அதற்குமேல் போனால் அரைநாள் சம்பளம் இல்லை. மாதத்தில் மூன்று தடவை அப்படி ஆனால் வேலையும் இல்லை. டவுன் பஸ்ஸை நம்பினால் ஆம்பூர் போய்ச் சேர ஒன்பது தாண்டிவிடும். அந்த பஸ் இருந்தால்தான் எங்களுக்கு வேலை.

முதலில் அதில் எந்த ஒழுங்கும் கிடையாது. ஜன்னல் வழியாகத் துப்பட்டாவையும் டிபன் பையையும் வீசி இடம் பிடிப்பார்கள். ஒருநாள் இரண்டு பெண்கள் ஒரு சீட்டுக்குச் சண்டை போட்டு, ஒருத்தியின் சாம்பார் இன்னொருத்தியின் மடியில் கொட்டிவிட்டது. டிரைவர் வேதாசலம் மாதனூரில் பஸ்ஸை ஓரம் கட்டினார்.

"நீங்க அடிச்சிக்கினு முடிங்க. நான் டீ குடிச்சிட்டு வர்றேன்."

அன்றைக்கு ஐம்பத்தேழு பேருக்கும் அரைநாள் போனது.

மறுநாள் நவநீதன் அண்ணன் எழுந்து இன்ஜின் பெட்டி பக்கத்தில் நின்றார். கம்பெனியில் தைத்து வரும் ஷூக்களைச் சரிபார்க்கிற செக்கிங்கில் இருப்பவர். யாரிடமும் குரல் உயர்த்தாதவர். சட்டை எப்போதும் இஸ்திரி போட்டிருக்கும்.

"ஒரே ஒரு மாசம் நான் சொல்றத கேளுங்க. சரியா வரலன்னா என்ன எறக்கி வுட்டுட்டு நீங்க போய்ட்டே இருங்க."

பின்னாலிருந்து மெர்சி அக்கா கேட்டாள்: "எந்த ஸ்டாப்புல?"

பஸ்ஸே சிரித்தது. நவநீதன் அண்ணனும் சிரித்தார். பிறகு எல்லோரும் கை தட்டினோம். முதலில் தட்டியவர்களில் நானும் ஒருவன்.

அவர் சொன்னதைச் செய்தார், அதை மறைக்க மாட்டேன். யார் எந்த வாரம் எங்கே உட்கார வேண்டும் என்று முறை வைத்தார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அந்தப் பட்டியலை என்னை எழுதச் சொன்னார். கர்ப்பமாக இருப்பவர்களுக்கு முன் சீட்டு. அந்த மாதம் முழுக்க அவர் ஒருநாள்கூட உட்காரவில்லை, நின்றுகொண்டே வந்தார். எட்டு மணிக்கெல்லாம் ஆம்பூரில் இறங்கி நிதானமாக டீ குடித்தோம். மாதம் முடிந்தது. முடிந்ததை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

ஸ்டாப்பில் இரண்டு நிமிஷம் நிற்கும் என்பது ஒரு நிமிஷம் ஆனது. தாமதமாக வந்தவர் இன்ஜின் பெட்டி பக்கத்தில் நின்று, "என்னால ஐம்பத்தாறு பேருக்கு லேட்டு" என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். முதலில் மாட்டியவன் ஹேமந்த். அவன் அதைப் பாட்டு மாதிரி இழுத்துச் சொன்னான், நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அடுத்த வாரம் மாட்டியவள் பூர்ணிமா. இரண்டாவது தடவை சொல்லும்போதே அழுதுவிட்டாள். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நாங்கள் எல்லோரும் நவநீதன் அண்ணன் முகத்தைப் பார்த்தோம்.

அப்புறம் வாட்ஸ்அப் குரூப். அதில் அவர் மட்டும்தான் எழுத முடியும். நாங்கள் கட்டைவிரல் போட வேண்டும். ராத்திரி எட்டுக்குள் போடாதவர் ஏன் போடவில்லை என்று காலையில் கேட்பார், கோபமாக அல்ல, உடம்பு சரியில்லையா என்கிற மாதிரி. ஒருவர் தாமதமானால் பக்கத்து சீட்டுக்காரரும் கூட நிற்க வேண்டும் என்று வந்தது. அதனால் தாமதமாக வருபவர்களோடு யாரும் சிநேகம் வைத்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் சொன்னார்: "குடியாத்தம் பஸ்காரங்க நம்ம பஸ்ஸ நிறுத்தப் பாக்கறாங்க. நம்மள்ல ஒருத்தரே அவங்களுக்கு ஒத்து ஊதறாங்க. யாருன்னு எனக்குத் தெரியும். நான் சொல்ல மாட்டேன்."

எங்கள் கம்பெனிக்கே குடியாத்தத்திலிருந்து இன்னொரு பஸ்ஸில் வருகிறவர்களோடு டீ குடிப்பதை நிறுத்தினோம். அவர்கள் என்ன செய்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த ஒருவர் யார் என்று அவர் கடைசிவரை சொல்லாததால், அந்த ஆள் நானில்லை என்று ஐம்பத்தேழு பேரும் தினமும் காட்ட வேண்டியிருந்தது.

எந்தப் புது விதி வந்தாலும் அவர் எங்களைக் கேட்காமல் செய்ய மாட்டார். "சரின்றவங்க கை தூக்குங்க" என்பார். உட்கார்ந்திருப்பவர்கள் தூக்குவார்கள். நின்றுகொண்டிருக்கும் பதினைந்து பேருக்கு வேலையே இல்லை. மேலே கம்பியைப் பிடித்திருப்பதால் அவர்கள் கை ஏற்கெனவே மேலேதான் இருக்கும். அவர் விரலால் எண்ணிக்கொண்டே வருவார், அவர்களையும் சேர்த்து. "எல்லாரும் சரின்னுட்டீங்க" என்பார். நான் கம்பியைத்தானே பிடித்தேன் என்று யாரும் சொன்னதில்லை. கொஞ்ச நாளில், சீட்டு முறை இருந்தும் சிலர் உட்காராமல் நின்றுகொண்டே வந்தார்கள். கால் வலிக்கும். ஆனால் கையை நாமாகத் தூக்கவில்லை என்று மனதுக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

மெர்சி அக்கா உட்கார்ந்திருந்தால் கை தூக்க மாட்டாள். நின்றிருந்தால் சீட்டு முதுகைப் பிடித்துக்கொள்வாள். அவள் தையல் லைனில் இருந்தாள். புருஷன் பெங்களூரில் வேறு குடும்பத்தோடு இருந்தான். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள், ஒருத்தி எட்டாவது, ஒருத்தி மூன்றாவது. அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரியும். அவள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஏழு மணிக்குத்தான் குழாயில் தண்ணீர் வரும். அந்த நாட்களில் பாவாடை நனைந்து, ஈரக் கையோடு அவள் ஏறும் டேங்க் ஸ்டாப்புக்கு ஓடி வருவாள். ஒரு நிமிஷம் தாண்டியிருக்கும். இன்ஜின் பெட்டி பக்கத்தில் அதிகம் நின்றவள் அவள்தான். "என்னால ஐம்பத்தாறு பேருக்கு லேட்டு, பஞ்சாயத்து குழாயால எனக்கு லேட்டு" என்று சேர்த்துச் சொல்வாள்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் பசை நாற்றத்தில் மயங்கி விழுந்தபோது, என்னை வெளியே இழுத்துப்போட்டுத் தண்ணீர் தெளித்தவளும் அவள்தான். அதிலிருந்து எனக்கு அவள் அக்கா.

ஒருநாள் சாயங்காலம் என் காதருகே குனிந்து சொன்னாள்: "டேய் இன்பா, கம்பிய புடிச்சிருந்தா ஓட்டு போட்டதாமே. மேல நாலு டிபன் பை தொங்குது பாரு. அதையும் உங்கண்ணன் எண்ணிட்டாரா, கேளு. அதுங்களுக்கும் சம்மதம்தான்."

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

மறுநாள் ஆம்பூரில் நவநீதன் அண்ணன் என் தோளில் கை போட்டு டீக்கடைக்குக் கூட்டிப்போனார். அதற்குள் பட்டியல் எழுதுகிறவன் என்று எனக்கு நிரந்தரமாக ஒரு ஜன்னல் சீட்டு கொடுத்திருந்தார்.

"நீதான்டா என் தோஸ்த்து. ஜனங்க இன்னா பேசிக்கறாங்க?"

ஒண்ணும் இல்லண்ணா என்று சொல்லியிருக்கலாம். அவர் மிரட்டவில்லை, இரண்டாவது தடவைகூடக் கேட்கவில்லை. நானாகத்தான் டிபன் பை கதையைச் சொன்னேன். மெர்சி அக்கா பெயரோடு சொன்னேன். அவரைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று இருந்தது. அவர் நன்றாகவே சிரித்தார். "மெர்சிக்கு வாய் ஜாஸ்தி" என்றார். அன்று முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன். அதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதி என்ன பிரயோஜனம்?

மூன்றாம் நாள் சாயங்காலம், பஸ் மாதனூரில் திரும்பியதும் அவர் எழுந்தார்.

"நம்மள்ல ஒருத்தர்னு சொன்னேன் இல்ல. இத்தினி நாள் பேர் சொல்லல. இந்த பஸ்ஸுல நாம எடுக்கற முடிவு டிபன் பை எடுக்கற முடிவாம். நம்ம எல்லாரையும் டிபன் பைன்னு சொல்லியாச்சு. வாரத்துல மூணு நாள் லேட்டும் அவங்கதான்."

மெர்சி அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் அதை என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

"மெர்சி நாளையிலேர்ந்து நம்ம பஸ்ஸுல வேணாம்னு நெனைக்கறவங்க கை தூக்குங்க."

"இன்னாண்ணா பேசற?" மெர்சி அக்கா எழுந்துவிட்டாள். "பஸ்ஸு இல்லனா நான் எப்படி வேலைக்கு வர்றது? ரெண்டு பொண்ணு வச்சிக்கினு இருக்கேன். கம்பெனி பஸ்ஸா, உங்கப்பா பஸ்ஸா? நான் எச்.ஆர். மேனேஜர்கிட்ட போறேன்."

"போங்க மெர்சி. பஸ் விஷயம் எதுனாலும் எங்கிட்டயே பேசிக்கச் சொல்லிட்டாங்க. பஸ்ஸு டைமுக்கு வருது, அவங்களுக்கு அது போதும்."

அது உண்மைதான்.

சீட்டில் இருந்தவர்கள் கைகள் மேலே போயின. ஹேமந்த் தூக்கினான். பூர்ணிமா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தூக்கினாள். மெர்சி அக்கா ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"என் மூஞ்சிய பாத்து தூக்குங்கடி. கீழ இன்னா பாக்கற?" என் சீட்டுக்கு வந்தாள். "இன்பா, நீ சொல்லுடா. நான் இன்னா சொன்னேன், நீ இன்னா சொன்ன? எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு."

நான் எழுந்தேன்.

ஒரு நொடி அவள் முகம் தெளிந்தது. "சொல்லுடா" என்றாள், மெதுவாக. அவளுக்காகப் பேச எழுந்தேன் என்று நினைத்துவிட்டாள்.

நான் எழுந்தது கம்பியைப் பிடிக்க. உட்கார்ந்திருந்தால் கையைத் தூக்க வேண்டும், அல்லது தூக்காமல் இருக்க வேண்டும். நின்றுவிட்டால் இரண்டும் இல்லை. என் கை மேலே போய்க் கம்பியைப் பிடித்தது. பஸ் ஆடக்கூட இல்லை, நேர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது.

மெர்சி அக்கா என் கையைப் பார்த்தாள். கம்பியைப் பார்த்தாள். பிறகு தன் சீட்டுக்குத் திரும்பிப் போனாள்.

நவநீதன் அண்ணன் எண்ணிக்கொண்டே வந்தார். என் கையையும் எண்ணினார். "ஐம்பத்தாறு" என்றார். வேதாசலம் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு கியர் மாற்றினார்.

டேங்க் ஸ்டாப்பில் பஸ் நின்றது. மெர்சி அக்கா பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். படியில் நின்று டிரைவரிடம் மட்டும் சொன்னாள்.

"வேதாசலண்ணா, நாளைக்கு தண்ணி வர்ற நாள்தான். வந்தா வரட்டும், நான் புடிக்கல. டைமுக்கு முன்னாடியே இங்க நிப்பேன். நிறுத்துண்ணா."

வேதாசலம் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு சாத்திக்கொண்டது. பஸ் ஒடுகத்தூர் போய்ச் சேர்ந்தது. இறங்கும்போது நவநீதன் அண்ணன் என் முதுகில் தட்டி, புதுப் பட்டியல் எழுதிவிடச் சொன்னார். வீட்டுக்குப் போய் எழுதினேன். இன்று அடிஸ் அபாபா வரை வந்த பிறகும், அவரை அவன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

மறுநாள் காலை ஏழு இருபதுக்கு பஸ் டேங்க் ஸ்டாப்புக்கு வந்தது. மெர்சி அக்கா தலை வாரி, கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். எங்களைப் பார்த்துக் கை காட்டினாள். பஸ் நிற்கவில்லை. எட்டு மணிக்கு ஆம்பூர் போய்ச் சேர்ந்தோம்.