குடும்பத்துக்கு ஒரு இடம்

"நீ இங்கன படிச்சிருக்கியாம்மா?"

பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்தில் விஜி மேடம் என்னைப் பார்த்துக் கேட்டார். என்னிடம் யாரும் இதுவரை அப்படிக் கேட்டதில்லை. சந்தோஷத்தில் சட்டென்று வாய் திறந்துவிட்டது. "ஆமா மேடம், இருபத்துமூணு நாள்" என்றேன். பக்கத்தில் நின்ற என் தங்கை ப்ரியதர்ஷினி என் முழங்கையைக் கிள்ளினாள். ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

நான் பிறப்பதற்கு முன்பே, எங்களைப் பெற்ற அய்யா சுடலைக்கண்ணு கழுகுமலை ரோட்டில் இருந்த மூன்று ஏக்கர் புஞ்சையைத் தொழிற்பள்ளி கட்டக் கொடுத்தார். நிலம் கொடுத்த குடும்பத்தில் ஒருவரை, எப்போது கேட்டாலும், மார்க் பார்க்காமல் சேர்த்துக்கொள்வோம் என்று பள்ளிக்காரர்கள் காகிதம் எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்கு அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. வெல்டிங், தச்சு, பிட்டர், தையல் என்று இருந்ததே நாலு கொட்டகைதான்.

ஒன்பதாம் வகுப்போடு நான் நின்ற வருடம், சும்மா இருக்கிறாளே என்று அய்யா என்னைத் தையல் கொட்டகையில் சேர்த்துவிட்டார். இருபத்துநாலாம் நாள் மிளகாய்ப் பழம் எடுக்க ஆள் கிடைக்கவில்லை. நான் காட்டுக்குப் போனேன். பழம் எடுத்து முடிந்த பிறகு திரும்பப் போ என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு பள்ளி பாலிடெக்னிக் ஆனது, கல்லூரி ஆனது. போன வருடம் அரசுப் பல்கலைக்கழகம் என்று பலகை வைத்தார்கள். கட்டடம் ஏழு மாடி. பஸ் கண்டக்டர் மட்டும் இன்னும் 'கொட்டகை ஸ்டாப்' என்றுதான் குரல் கொடுக்கிறார்.

ப்ரியாவுக்கு இரண்டு மார்க்கில் இடம் தவறிவிட்டது. வேறு ஊருக்கு அனுப்ப மாட்டேன், இங்கே கிடைக்காவிட்டால் ஆவணியில் அத்தை மகன் இசக்கிதுரையோடு கல்யாணம் என்று அய்யா முடிவாகச் சொல்லிவிட்டார். அதனால்தான் அந்தப் பழைய காகிதத்தோடு மூன்று பேரும் வந்திருந்தோம்.

விஜி மேடம் ஒரு பழைய பதிவேட்டில் விரலை வைத்தார். "குடும்பத்துக்கு ஒரு சீட்தான் அண்ணாச்சி. இந்தா, நிலம் குடுத்தவிய கணக்குல சுடலைச்செல்வின்னு உங்க மூத்த பிள்ளை பேரு இருக்கு. உங்க சீட் முடிஞ்சுபோச்சு."

"அது தையல் கிளாசுல்லா தாயி! அது வேற, இது வேற."

"வேறன்னா, அந்தப் பள்ளிக்காரவிய எழுதிக் குடுத்த காகிதம் இங்கன எப்படிச் செல்லும்?"

அய்யா காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "அப்ப ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணுன்னா சீட் எடுத்தாச்சு."

கோப்போடு வந்த பியூன் சோலைராஜ் சிரித்தார். "மூணு ஏக்கருக்கு மூணு சீட்டுன்னு அன்னைக்கே எழுதி வாங்கியிருக்கப்படாதா அண்ணாச்சி?"

"போலே! அன்னைக்கு ஒருத்தனும் சேரல. பிள்ளையள அனுப்புங்கன்னு வாத்தியாருமாரு எங்க காட்டுல வந்துல்லா நின்னாவ."

நானும் மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். ஒன்று என்றால், தங்கையின் இடத்தை நான் தின்றுவிட்டேன். வேறு என்றால், எங்களுக்கு இடமே கிடையாது. நான் படித்தது எந்த இடம் என்பதும் தெரியாமல் போய்விடுகிறது.

விஜி மேடம் குரலைத் தாழ்த்தினார். "வருகைப் பதிவேடு இப்ப இல்ல. சேர்ந்தேன், ஒரு நாள்கூட வரலைன்னு இவ எழுதிக் குடுத்தா ரத்து பண்ணிரலாம். இவ சொன்னதை நான் கேக்கல, சரியா?"

"அம்புட்டுதானே? எழுதுட்டி" என்றார் அய்யா.

எழுதுவது எனக்குப் புதிதில்லை. வீட்டில் வத்தல் மூட்டைக்குப் பின்னால், யாரும் கை விடாத இடத்தில், பதினோரு நோட்டுகள் வைத்திருக்கிறேன். அவற்றில் பாதி பொய். அதனால் பொய் எழுத வராது என்று சொல்ல எனக்கு வழியில்லை.

ஆனால் 'நான்' என்று தொடங்கியதும் பேனா வேறு பக்கம் போய்விட்டது. ஐந்தாம் நாள் என் தையல் மெஷினின் நூல் பாபின் உருண்டு தரை வெடிப்புக்குள் விழுந்ததை எழுதினேன். தௌலத் பேகம் டீச்சர் திட்டாமல் குடைக்கம்பியை விட்டுத் துழாவியதை எழுதினேன். நான் பொத்தானுக்கு எடுத்த காஜாவை அவர் எல்லோரிடமும் தூக்கிக் காட்டியதை எழுதினேன். பின்பக்கமும் நிறைந்துவிட்டது. தங்கையைக் கெடுக்கவா எழுதினேன்? அவளுக்காகத்தானே வந்தேன்? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

"என்னம்மா இது, மனுவா கதையா?" விஜி மேடம் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"எதைட்டி எழுதித் தொலைச்ச?" அய்யா மேசையருகே வந்தார்.

"விடுங்க அண்ணாச்சி. இந்தா வேற தாளு. நான் சொல்லுததை மட்டும் எழுது."

'மேற்படி பயிற்சிக்கு நான் ஒரு நாளும் வரவில்லை.' ஒரே வரி. எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விஜி மேடம் முத்திரை குத்தி, உள்ளே போய் வந்து, "நாளைக்கு வந்து சேர்ந்துக்கோ" என்று ப்ரியாவிடம் சொன்னார். அய்யா எல்லோரையும் கும்பிட்டார், சோலைராஜையும் சேர்த்து.

ப்ரியா சிரிக்கவில்லை. கவிழ்ந்து கிடந்த முதல் தாளை எடுத்து, நின்றபடியே இரண்டு பக்கமும் படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

"கோவமாட்டி?" என்றேன்.

"இதைக் கசக்கிராதக்கா" என்று தாளை மடித்து என் மடியில் வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு படியிறங்கிப் போனாள்.