ஒற்றைத் தும்மல்

ஹரிராமுக்குத் தும்மல் பிடித்துக்கொண்டால் விளக்குத்தூண் பக்கத்துச் சந்தில் இருக்கிற கடைக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். ஆறு வரும், ஏழு வரும், காற்று சரியில்லாத நாளில் பத்துகூட வரும். அவருடையது சுங்குடிச் சேலைக் கடை. புதுச் சேலையைப் பிரித்து உதறினால் பறக்கிற கஞ்சித் தூசியே மூக்குக்குப் போதும். போதாததற்குப் பக்கத்தில் சிஹாபுதீன் பாயின் அத்தர் கடை.

"எங்கள்ல தும்முனா அல்லாவுக்கு நன்றி சொல்லுவோம்ணே. நீங்கதான் பஞ்சாங்கத்தை எடுக்குறீக" என்பார் பாய்.

பஞ்சாங்கத்தை எடுப்பவர் ஹரிராம் அல்ல, மனைவி அலர்மேல்மங்கையின் அண்ணன் பீமாராவ். கூட்டுறவுச் சங்கத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்திலிருந்துதான் ஓய்வு, கண்காணிப்பு தங்கை வீட்டில் தொடர்ந்துகொண்டிருந்தது.

மாசியில் மகள் ரம்யாஸ்ரீக்கு வந்த முதல் சம்பந்தம், தாம்பூலத் தட்டை மாற்றப் போகிற நேரத்தில் ஹரிராமின் மூக்கில் போனது. ஏழு தும்மல். பையனின் பெரியப்பா ஏழையும் விரல்விட்டு எண்ணி, "ஒத்தப்படையில வந்து நிக்குதே" என்றார். ஊருக்குப் போய்த் தகவல் சொல்வதாகக் கிளம்பினார்கள். ஊர் பரமக்குடிதான். இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

இப்போது திருநகரிலிருந்து கார்த்திகேஷ் என்ற பையன் வீட்டார் வந்து பார்த்துப் பிடித்துப்போய், ஆவணியில் நிச்சயம் என்று முடிவாகியிருந்தது. அந்த வீட்டில் பேச்செல்லாம் சௌராஷ்டிரத்தில் நடக்கும், வாக்குவாதம் மட்டும் தமிழுக்கு மாறிவிடும். பீமாராவ் தமிழில் ஆரம்பித்தார்.

"மாப்ள, அன்னைக்கு நீங்க கடையிலயே இருந்துருங்க. தட்டை நான் மாத்திக்கிறேன். தாய்மாமன் மாத்தலாம்னு சாஸ்திரமே இருக்கு."

"எந்த சாஸ்திரத்துல மச்சான்?"

"இருக்கு."

மகள் என்ன படிப்பது, எங்கே வேலைக்குப் போவது என்று எதிலும் ஹரிராமை யாரும் கேட்டதில்லை. அவரும் வருத்தப்பட்டதில்லை. ஆனால் அந்தத் தட்டைத் தன் கையால் மாற்ற வேண்டும் என்பது மட்டும் உள்ளே கிடந்தது. தகப்பன் என்ற பதவிக்கு மிச்சமிருந்த ஒரே வேலை அது.

"மூக்கைச் சரி பண்ணிட்டா?" என்று கேட்டார்.

"பண்ணிட்டு வாங்க, பாப்போம்" என்றார் பீமாராவ், மனுவை நிலுவையில் வைக்கிற குரலில்.

மூக்குக்கும் தொண்டைக்கும் தல்லாகுளத்தில் சீன முறையில் நெருப்பு ஊசி போடுகிறார்கள் என்று பாய் கேள்விப்பட்டிருந்தார். ஸ்கூட்டரில் கூட்டிப்போனதும் அவர்தான். டாக்டர் முத்திருளனுக்கு உசிலம்பட்டிப் பக்கம். சீனாவில் படித்துவிட்டு வந்தவர். சுவரில் நீளமாக ஒரு டிராகன், அதன் வாலுக்குக் கீழே எலுமிச்சம்பழ மாலையோடு பாண்டி முனி. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு தேசத்தையும் மாட்டியிருந்தார்.

"மஞ்சக்காமாலைக்குச் சூடு இழுப்பாங்களே, அதுதானே?" என்று அலர்மேல்மங்கை முந்தின நாளே கேட்டிருந்தாள்.

"அது மூடநம்பிக்கை. இது ரெண்டாயிரம் வருஷத்து மருத்துவம்" என்றிருந்தார் பீமாராவ். நம்மூர்ச் சூடாக இருந்தாலும் சீனாவுக்குப் போய்விட்டு ஏசி அறைக்குத் திரும்பினால் அதற்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது.

டாக்டர் ஸ்பிரிட் விளக்கில் மெல்லிய ஊசியைக் காட்டினார். நுனி செக்கச்செவேல் என்று ஆனது. ஹரிராம் குலதெய்வத்தின் பெயரை ஆரம்பித்தார்; முடிப்பதற்குள் மூக்கின் இரண்டு பக்கமும் சுருக், சுருக். பிடரியில் இன்னொன்று. எல்லாம் முடிந்த பிறகுதான் "ஐயோ" என்று கத்தினார்.

"முடிஞ்சுபோச்சுண்ணே, இப்ப எதுக்குக் கத்துறீக?" என்றார் பாய்.

"ரெண்டு நாளைக்குத் தண்ணி படக்கூடாது" என்றார் டாக்டர். "முழுசா நிக்கும்னு சொல்ல மாட்டேன். கொறையும்."

குறைந்தது. வாராவாரம் போய்ப் பிடரியையும் மூக்கையும் கொடுத்துவிட்டு வந்தார். பத்து ஆறானது, ஆறு மூன்றானது. ஆடி கழிந்த ஒரு சாயங்காலம் எல்லாரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது ஹரிராம் தும்மினார். அடுத்ததற்காக வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். வரவில்லை. மறுநாள் காபி நேரத்திலும் அதே மாதிரி ஒன்று. ஒன்றே ஒன்று.

பீமாராவ் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒண்ணா?"

"ஒண்ணுதான் மச்சான்!" ஹரிராமுக்குப் பெருமை தாங்கவில்லை.

"யோவ் மாப்ள, ஏழு தும்முனா வியாதின்னு சொல்லிச் சமாளிக்கலாம். ஒண்ணு தும்முனா சகுனம்யா! ஒத்தத் தும்மலை விடக் கெட்டது உலகத்துல உண்டா?"

அலர்மேல்மங்கை எழுந்து போய் விளக்கேற்றினாள். ரம்யாஸ்ரீ சிரிப்பை அடக்க முடியாமல் மாடிக்கு ஓடினாள். பீமாராவ் அப்போதே டாக்டருக்குப் போன் போட்டார்.

"டாக்டர், இதை ரெண்டாக்கித் தர முடியுமா?"

"கொறைக்கத்தான் சார் படிச்சேன். கூட்டணும்னா அந்த அத்தர் கடையில போய் உக்காரச் சொல்லுங்க."

நிச்சயத்தன்று காலையில் பீமாராவ் கடைச் சாவியை எடுத்து ஹரிராம் கையில் கொடுத்தார். ஹரிராம் வாங்கிக்கொண்டு வாசல் வரை போனார். செருப்பை மாட்டினார். பிறகு கழற்றிவிட்டு உள்ளே வந்து, கூடத்து ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார்.

"தட்டை நான்தான் மாத்துவேன்."

மச்சானிடம் இதுவரை அவர் பேசியதெல்லாம் கேள்வியில் முடியும். இது முடிந்தே போயிருந்தது. பீமாராவ் வாயைத் திறந்தார். அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

கார்த்திகேஷின் அப்பா கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர். "எங்களுக்கு இந்தச் சகுனம் கிகுனம் எல்லாம் கெடையாது" என்று வந்ததிலிருந்து மூன்று முறை சொல்லிவிட்டார். ஒவ்வொரு முறையும் செல்போனை எடுத்து ராகுகாலத்தைப் பார்த்துக்கொண்டார்.

தட்டு வந்தது. ஹரிராம் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். பீமாராவ் வெள்ளிப் பன்னீர்ச் செம்பை எடுத்து, தட்டு போனாலும் இதாவது கிடைத்ததே என்று கும்பாபிஷேகம் மாதிரி தெளித்தார். பாய் தன் கடையிலிருந்து கொடுத்த ஒஸ்திப் பன்னீர். ஹரிராமின் மூக்கு நுனி துடித்தது. மூச்சைப் பிடித்தார். சிவந்த ஊசியை நினைத்துக்கொண்டார். பலிக்கவில்லை.

"ஹ்ஹச்!"

கூடமே அடுத்ததற்குக் காத்திருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக ஹரிராம், இன்னொரு தும்மல் வராதா என்று வேண்டிக்கொண்டார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

தட்டை வாங்க நீண்ட பேராசிரியரின் கை, பாதியில் திரும்பிச் சட்டைப் பைக்குள் போனது. "நேரம் இருக்கே... ஒரு காபியைச் சாப்ட்டுட்டு..."

"அச்."

ஜமுக்காளத்தின் அந்தக் கோடியிலிருந்து வந்தது. ரம்யாஸ்ரீ தலையைக் குனிந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாடப் புத்தகத்தைப் பார்த்து வாசித்தது போல இருந்தது அந்தத் தும்மல்.

"ரெட்டை!" என்று கூவினார் பீமாராவ். "ரெட்டைத் தும்மல், ஜெயம்!" செம்பைத் தலைக்கு மேலே தூக்கி உதறினார். பன்னீர் அவர் மூக்கிலேயே வந்து இறங்கியது. பஸ் டயர் வெடித்தது மாதிரி ஒரு தும்மல்.

"மூணு" என்றார், சகுனத்தில் நம்பிக்கையில்லாத பேராசிரியர்.

எல்லாரும் பீமாராவைப் பார்த்தார்கள். அவர் முகத்தைக் கோணி, மூக்கைத் தேய்த்து, இன்னொன்றுக்காகப் படாதபாடு பட்டார். கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

அதுவரை கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்த கார்த்திகேஷ் தலையை நிமிர்த்தி ரம்யாஸ்ரீயை ஒரு தடவை பார்த்தான். கைக்குட்டையை எடுத்துப் பிரித்தான்.

"அச்."

அவளுடையதை விட மோசமான நடிப்பு. ரம்யாஸ்ரீயின் தோள் குலுங்கியது.

"நாலு" என்றார் வாசலோரம் உட்கார்ந்திருந்த சிஹாபுதீன் பாய். "அண்ணே, அடுத்தது வர்றதுக்குள்ள தட்டை மாத்துங்க!"

பேராசிரியர் சட்டென்று இரண்டு கையையும் நீட்டினார். ஹரிராம் தன் தட்டைக் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டுத் தட்டை வாங்கிக்கொண்டார். யாரோ குலவை போட்டார்கள்.

வாங்கிய தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஹரிராம் இன்னொரு தடவை தும்மினார். இந்தத் தடவை அடக்கிப் பார்க்கக்கூட இல்லை. அதை யாரும் எண்ணவில்லை.